கைமாற்று என்று எழுதிய முன்பணம்

வாசகர் கேள்வி: நிலம், பத்திரம், பதிவு
பதில் சொல்பவர் ராமநாதபுரத்தில் 36 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

*அண்ணன் அவர்களுக்கு வணக்கம். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். புதுப் பாம்பன் பாலம் திறந்த மறுமாதம், 2025 மே 6-ம் தேதி, என் மாமியாருக்குத் தம்பி முறையாகும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நிலம் வாங்கி விற்றுக் கொடுக்கும் புரோக்கர். "கடலைப் பார்த்த இடம், 8 சென்ட், சென்ட் 95,000. ஓனர் சென்னையில் இருக்கார், அவர் சார்பா விக்கிறதுக்கான பவர் என்கிட்டதான் இருக்கு. பாலம் வந்துருச்சு, அடுத்து ஏர்போர்ட் வரப்போகுது, இப்ப விட்டா கிடைக்காது" என்றார். மே 11 அன்று 3,50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். 1,50,000 என் கணக்கிலிருந்து அனுப்பியது, மீதி 2,00,000 நகையை அடகு வைத்து ரொக்கமாகக் கொடுத்தது. தரகில் ஒரு பகுதி என்று 10,000 தனியாக வாங்கிக்கொண்டார். 20 ரூபாய் முத்திரைத்தாளில் ரசீது எழுதிக் கொடுத்தார், என் தம்பி சாட்சி.*

*பத்திரம் போடுவதை மாதாமாதம் தள்ளிக்கொண்டே போனார். அக்டோபரில் நானே விசாரித்து நில உரிமையாளரின் போன் நம்பரைக் கண்டுபிடித்தேன். அவர் யாருக்கும் பவர் கொடுக்கவில்லையாம், பணமும் அவருக்குப் போகவில்லை. திருப்பிக் கேட்டதற்கு டிசம்பர் 15 தேதியிட்ட செக் ஒன்றைக் கொடுத்து, "நான் சொல்றப்ப போடும்மா" என்றார். இன்னும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு, ரசீதில் கைமாற்று என்று இருக்கிறது, இது சிவில் விஷயம் என்றார்கள். சிலர் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஆணையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். மாமியாரோ, "சொந்தத்துக்குள்ள போலீஸா" என்று அழுகிறார். ரசீது, செக் இரண்டின் நகலையும் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?*
– பெயர் வேண்டாம், உச்சிப்புளி

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தச் செக்கை வங்கியில் போடுங்கள். செக்குக்கு ஆயுள் 3 மாதம்தான். டிசம்பர் 15 தேதி போட்ட செக் மார்ச் நடுவில் வெறும் காகிதமாகிவிடும். "நான் சொல்றப்ப போடு" என்று அவர் சொன்னதும் அதற்காகத்தான். இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதி உங்கள் முகவரிக்குத் தனியாகத் தபால் போட்டுவிட்டேன்.

பணம் இல்லையென்று செக் திரும்பினால் வங்கி ஒரு சீட்டு கொடுக்கும். அதைப் பத்திரமாக வையுங்கள். அது கிடைத்த 30 நாளுக்குள் வழக்கறிஞர் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் செக் மோசடி வழக்கு. 2 ஆண்டுவரை சிறை, செக் தொகையைப்போல் இரண்டு மடங்குவரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. செக்கை உங்கள் கணக்கில் போட்டால், உங்கள் வங்கிக் கிளை இருக்கும் எல்லைக்குள் உள்ள கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம். அவர் மதுரைக்கோ திருப்பூருக்கோ குடிபோனாலும் நீங்கள் அலைய வேண்டாம். இந்த நாள் கணக்கில் ஒன்று தவறினாலும் வழக்கு நிற்காமல் போகலாம். அதனால் சமையலறைக் காலண்டரில் தேதிகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள்.

இனி ரசீதுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய நகலை மூன்று தரம் படித்தேன். நான்கு வரி. "மேற்படி தொகை ரூபாய் மூன்று லட்சத்து ஐம்பதாயிரத்தைக் கைமாற்றாகப் பெற்றுக்கொண்டேன், கேட்கும்போது திருப்பித் தருகிறேன்." சர்வே நம்பர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, சென்ட் கணக்கு இல்லை, நிலம் என்ற சொல்லே இல்லை. எழுதியவர் தெரியாமல் விட்டதல்ல இது. நிலத்தைக் காட்டி வாங்கிய பணத்தைக் கடனாக எழுதிவிட்டால், பின்னால் யார் கேட்டாலும் "வாங்கினேன், கொடுக்கிறேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம். எங்கள் தொழிலில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில் பணம் கொடுக்கிறவர் கண் தொகையில்தான் இருக்கும், சொல்லில் இருக்காது.

நல்ல வேளை, தாளின் பின்பக்கத்தையும் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். முத்திரைத்தாள் விற்பவர் அங்கேதான் வரிசை எண், தேதி, வாங்கியவர் பெயர் மூன்றையும் எழுதி முத்திரை குத்துவார். மை கலங்கியிருக்கிறது, ஆனாலும் தேதி தெளிவாகத் தெரிகிறது: 2025 மே 2. வாங்கியவர் பெயர் அவருடையது. உங்கள் வீட்டுக்கு அவர் நிலம் என்று பேச வந்ததே மே 6 என்கிறீர்கள். அதற்கு நாலு நாள் முன்பே தாள் வாங்கித் தயாராகத்தான் வந்திருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் வைத்து வழக்கு ஜெயிக்காது, புரோக்கர்கள் தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருப்பது உண்டுதான். ஆனால் மற்ற சான்றுகளோடு சேரும்போது அந்தத் தேதிக்குப் பேச்சு வரும். அசல் ரசீதை லேமினேஷன் செய்துவிடாதீர்கள், யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

அடுத்து போலீஸ். வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகத்தான் பதில் வரும். எழுதிக் கொடுங்கள். எழுதும்போது ஒன்றை மனதில் வையுங்கள். வாங்கிய பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தால் அது கடன் தகராறு. பணம் வாங்குவதற்கு முன்பே பொய் சொல்லியிருந்தால் அது மோசடி. நீங்கள் "பணம் தரவில்லை" என்று ஆரம்பித்தால், சிவில் என்று சொல்லத்தான் செய்வார்கள். "மே 6-ம் தேதி, இல்லாத பவரை இருப்பதாகச் சொன்னார், அதை நம்பி மே 11-ம் தேதி பணம் கொடுத்தேன், உரிமையாளர் பவர் கொடுக்கவே இல்லை என்கிறார்" என்று ஆரம்பியுங்கள். அப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ம் பிரிவுக்குள் வரும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ம் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது, ஊரில் எல்லோரும் இன்னும் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள்.

பவர் என்னிடம் இருக்கிறது என்று அவர் வாட்ஸப்பில் குரல் செய்தி ஏதாவது அனுப்பியிருக்கிறாரா, தேடிப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் போதும். அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், பழுது பார்க்கக் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். கோர்ட்டில் வைக்கும்போது அதற்கென்று ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். சென்னையில் இருக்கும் உரிமையாளரிடம் கோபப்படாமல் பேசுங்கள். அவரும் ஏமாற்றப்பட்டவர்தான், அவர் பெயரை வைத்துப் புரோக்கர் இன்னும் எத்தனை பேரிடம் பணம் வாங்கியிருக்கிறாரோ. "நான் யாருக்கும் பவர் எழுதிக் கொடுக்கவில்லை" என்று அவர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பினால், உங்கள் புகாரில் அதைவிடக் கனமான தாள் இருக்காது.

புகாரைக் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால், வழக்குப் பதியச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வழி இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டாம்.

ரொக்கமாகக் கொடுத்த 2 லட்சத்தைப் பற்றிப் பயப்படுகிறீர்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதும் தப்பு, நிலத்துக்கு முன்பணமாக வாங்குவதும் தப்பு. வருமான வரிச் சட்டப்படி வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு, அதுவும் வாங்கியவருக்கு. அவர் கைமாற்று என்று எழுதினாலும் சரி, முன்பணம் என்று எழுதினாலும் சரி, இதிலிருந்து தப்ப முடியாது. உங்கள் பக்கம் நகை அடகு வைத்த சீட்டும், குவைத்திலிருந்து பணம் வந்த வங்கிக் கணக்கும் இருக்கின்றன. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட உங்களிடம் தாள் இருக்கிறது. அதனால் பயம் வேண்டாம்.

ரெரா பற்றி. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் மனைப்பிரிவு போட்டு விற்பவர்களையும், அந்த மனைகளை விற்றுக் கொடுக்கும் முகவர்களையும் கட்டுப்படுத்துகிறது. ஒரு தனி ஆள் தன் 8 சென்ட்டை விற்பது அதில் வராது. அங்கே மனு போட்டுக் காத்திருந்து, எங்களுக்கு அதிகாரம் இல்லை என்ற பதில் வருவதற்குள் உங்கள் செக்கின் நாட்கள் போய்விடும். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் வேறு விஷயம். அவர் தரகுக்காக 10,000 வாங்கியிருக்கிறார் இல்லையா, அப்போது அவர் சேவை விற்றவர், சேவையில் குறை என்று நீங்கள் கேட்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம், காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் பொய் பவர், மோசடி என்று ஆழமாக விசாரிக்க வேண்டிய விஷயங்களில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று அவர்கள் சொல்லிவிடுவதும் உண்டு. உங்கள் நிலையில் நான் இருந்தால் செக், போலீஸ் புகார் இரண்டையும் முதலில் முடித்துவிட்டு மூன்றாவதாகத்தான் இதைத் தொடுவேன்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் ஏது என்றால், ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் ஏற்பாடு செய்ய 1987-ம் ஆண்டுச் சட்டத்தில் இடம் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சொந்தக்காரர் என்பதால் வழக்கு வேண்டாம், பேசித் தீர்க்கலாம் என்று உங்கள் மாமியார் நினைத்தால், அதையும் அங்கேயே செய்யுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முடிவாகிவிட்டால் அது கோர்ட் தீர்ப்பு மாதிரி, மேல்முறையீடு கிடையாது. ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் பேசி முடித்தால் அந்தப் பலம் இல்லை.

நோட்டீஸ் போனதும் அவர் ஓடி வருவார். ஐம்பதாயிரத்தையோ ஒரு லட்சத்தையோ கையில் வைத்துக்கொண்டு வருவார், கூடவே நாலு பேரைக் கூட்டி வருவார். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வங்கி வழியாகத் தரச் சொல்லுங்கள். "பகுதித் தொகை" என்று எழுதாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ரசீதையும் செக்கையும் திருப்பிக் கேட்பார், மூன்றரை லட்சமும் வரும்வரை கூடாது. செக்கை வங்கியில் போடுவதற்கு முன்பே ஒரு பகுதி கொடுத்துவிட்டால், பாக்கித் தொகைக்குப் புதுச் செக் வாங்குங்கள். பாக்கி 2,50,000 இருக்கும்போது 3,50,000 செக்கைப் போட்டால் வழக்கு அதிலேயே அடிபட்டுப்போகும்.

இப்போது உங்கள் மாமியாருக்காக ஒன்று சொல்கிறேன், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என் அப்பா திருப்புல்லாணிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்தவர். 1991-ல் ஒரு பனந்தோப்பை வாங்கித் தருவதாகச் சொன்ன புரோக்கரிடம் 18,000 ரூபாய் கொடுத்தார். தோப்பு வேறொருவர் பெயருக்குப் போய்விட்டது, பணமும் வரவில்லை. அந்த ஆள் தினமும் காலையில் அப்பா டீ குடிக்கும் அதே கடையில், அதே பெஞ்சில் வந்து உட்காருவார். "அண்ணே, வர்ற மாசம்" என்பார். அப்பா தலையாட்டுவார். "நாலு பேர் முன்னாடி கேட்டா நம்ம மானம்தான் போகும்" என்று எங்களையும் வாய் திறக்க விடவில்லை. நான் அப்போது சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் மனு எழுதிக்கொண்டிருந்தவன். என் அப்பாவுக்காக ஒரு தாள் எழுதவில்லை. பணப் பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் அவகாசம் என்பது எனக்குத் தெரியும். அந்த 3 ஆண்டும் பெஞ்சிலேயே ஓடிப்போனது. அப்புறம் அந்த ஆள் டீக்கடையை மாற்றிக்கொண்டார். சாகும்வரை, பஸ் அந்தத் தோப்பைக் கடக்கும்போது அப்பா ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டார். சொந்தத்துக்குள் கேட்பது அவமானம் இல்லை, அம்மா. உங்கள் மருமகள் தன் நகையைக் கேட்கிறாள்.

கடைசியாக, அந்த இடத்தை உரிமையாளரிடமே நேரடியாக வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எல்லைக்கல்லிலிருந்து அலை வரை 120 தப்படி என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது நூறு மீட்டருக்கும் குறைவு. மக்கள் நெருக்கம் குறைந்த கிராமக் கடற்கரையில் கடல் ஏற்றத்தின் உச்சக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டத் தடை இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் உள்ளது அது. வீடு கட்ட முடியாத மணலுக்குச் சென்ட் 95,000 எதற்கு? அந்த மணல் தங்கூசி வலை காயப்போட ஆகும். உங்கள் பிள்ளைகளுக்கு வீடாகாது. இதையும் அந்தப் புரோக்கர் உங்களிடம் மறைத்திருக்கிறார், புகாரில் ஒரு வரி சேருங்கள்.

*கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன் காக்கா (அண்ணன்). நான் துபாயில் இருந்தபோது திருப்புல்லாணி ரோட்டில் ஒரு "நகர்" போட்டு மனை விற்றார்கள். ஏஜென்ட் பேச்சை நம்பி, ஒப்பந்தம் எதுவும் போடாமல் மனை விலையில் 30 சதவீதம் கட்டிவிட்டேன். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, போதும் என்கிறார். பத்திரம் பதிய முடியவில்லை. எனக்கு என்ன வழி?*
– வாசகர், கீழக்கரை

தம்பி, ரெராவின் கதவு உங்களுக்குத்தான் திறந்திருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேல், நம் கணக்கில் பன்னிரண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கு மேல் நிலத்தை மனையாகப் பிரித்து விற்றாலே தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும். அதை விற்றுத் தரும் ஏஜென்ட்டும் தனியாகப் பதிவு எண் வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணை எழுத்தில் கேளுங்கள். வராது என்று நினைக்கிறேன். பதிவில்லாமல் விற்ற ஏஜென்ட்டுக்கு ஒரு நாளைக்கு 10,000 வீதம், மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம் போட முடியும்.

ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது என்பது அதே சட்டத்தின் 13-ம் பிரிவு. உங்களிடம் 30 வாங்கியிருக்கிறார்கள். பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்டு, மனைப்பிரிவு போட்டவர், ஏஜென்ட் இருவரையும் எதிர்த்தரப்பாக்கி ஆன்லைனில் புகார் போடுங்கள். ஆணையம் சென்னை எழும்பூரில் இருக்கிறது. மனைப்பிரிவு பதியப்படவில்லை என்பது உங்கள் புகாருக்குத் தடை இல்லை.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்திருக்க வேண்டும். நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் மனைப்பிரிவுக்கு அனுமதி ஆகாது. அதனால்தான் சார்பதிவாளர் பதிய மறுக்கிறார். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட பழைய மனைப்பிரிவுகளுக்குத்தான் வரன்முறை செய்ய, அதாவது பின்னால் அனுமதி வாங்கிச் சரிசெய்துகொள்ள, இடம் கொடுத்தார்கள். உங்களுடையது அதற்குப் பிந்தியது என்றால், "வரன்முறை பண்ணித் தர்றேன், இன்னும் ஒரு லட்சம் கொடு" என்று அவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

*எங்கள் இடத்தை வாங்க ஒரு பார்ட்டி மதுரையில் இருக்கிறாராம். காட்டிவிட்டு வருகிறேன், தாய்ப்பத்திரத்தின் அசலைக் கொடுங்கள் என்று புரோக்கர் கேட்கிறார். கொடுக்கலாமா?*
– வாசகி, தொண்டி

கொடுக்கவே கூடாது. ஜெராக்ஸ் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துக்களின் மேலேயே குறுக்காக, "பார்வைக்கு மட்டும்" என்று எழுதி, தேதியும் புரோக்கர் பெயரும் போட்டு, கையெழுத்திட்டுக் கொடுங்கள். நிஜமாக வாங்க வரும் பார்ட்டி அசலைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வருவார். அன்றைக்கு நல்ல டீ போட்டுக் கொடுத்து, உங்கள் கண் முன்னாலேயே படிக்கச் சொல்லுங்கள்.